இரண்டு தரம்

கடைசிப் பிள்ளையும் இறங்கியபின்
ஸ்டியரிங்கில் இருந்தபடியே கை அசைத்தேன்.
கோட்டு தேவைப்படாத செப்டம்பர். அரைக்கைச் சட்டை.
நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்த ஜோமார்,
வயது ஆறு, முன்பல் இரண்டும் இல்லை,
"உங்கள் கை இரண்டு தரம் டாட்டா சொல்லுது" என்றான்.

முதலில் நான்.
பிறகு, கொஞ்சம் பிந்தி,
என் புயத்தின் அடிச்சதை.
பஸ் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும்
பின்சீட்டு பெல்ட் மாதிரி.

அன்று சிரித்தேன். ரோசம் ஜனவரியில்தான் வந்தது.
வினிபெக்கில் வசந்தமும் அப்படித்தான், பிந்தி.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நடக்கப் போனால் மூக்குமயிர் கம்பியாகும்.
ஜிம்முக்குக் கட்டும் காசு
வீட்டுக்கடனின் கதவிடுக்கில் நசுங்கிக் கிடக்கிறது.
ஆகவே பேஸ்மென்ட்.
சூடாக்கி உறுமும் மூலையில் ஒரு பழைய போர்வை.
டம்பெல்லுக்கு,
கார்க் கண்ணாடி கழுவும் நீலத் திரவம், இரண்டு கலன்.
மலிவு விற்பனையில் வாங்கி வைத்தது.
மைனஸ் நாற்பதிலும் உறையாது என்று
நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
என்னைப் பற்றி இதுவரை யாரும் அப்படி எழுதவில்லை.

காலை நாலரை.
முழங்கை மடக்கித் தூக்கியது ஆறு.
ஏழாவதில் நீலம் குலுங்கிச் சிரித்தது.

பிறகு வயிறு.
தோளை நாலு விரல் உயர்த்தினால் போதும் என்று
அச்சடித்த தாள் சொல்கிறது.
நாலு விரலாம்!
இரண்டு பேரைச் சுமந்து இறக்கிவிட்டு
நிம்மதியாய்ப் படுத்திருந்த வயிறு
"இனி யாரை?" என்று கேட்டது.
கழுத்தை நீட்டித் தாளை ஏமாற்றினேன்.

கடைசியில் பிளாங்க்.
முழங்கை ஊன்றிப் பலகையாய்க் கிடக்க வேண்டும்.
பலகைக்கு நடுங்கத் தெரியாது, எனக்குத் தெரிந்தது.
பதினொரு செக்கன்.
பன்னிரண்டாவதில்
வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு சிவப்புக் காலுறை,
மூன்று வருடமாய்த் தேடிய ஒற்றை.
அதை எடுக்கத்தான் விழுந்தேன்
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஒவ்வொரு சந்தியிலும்
ஸ்டியரிங் இரண்டு மடங்கு பெரிதாகத் திரும்பியது.
தும்மல் வருமுன்பே வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை, அதிசயம்.
ஆறு பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு இருபது.
கலன்கள் பஞ்சாய் எழும்பின.
படியேறி வந்து, குசினியில்
கிருபானந்தனுக்கு முன்னால் புயத்தை மடக்கி
"தொட்டுப் பாருங்கோ" என்றேன்.
அவர் தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல வைத்தார்.
"காருக்கு முடிஞ்சு போச்சு...
அதில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்தனான்."
எந்தக் கலனில்?
"இரண்டிலயும். உமக்குச் சமனா இருக்கட்டும் எண்டு."

இறங்கிப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பாதிக்கும் கீழே.
என் பலமெல்லாம்
போர்ட்டேஜ் அவெனியூவின் உப்பைக் கழுவி
அவருடைய வைப்பருக்குக் கீழே ஓடியிருக்கிறது.

சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க
விலாவுக்குக் கீழே ஓரிடம் இறுகி நொந்தது.
அதை யாரும் ஊற்றி வைக்கவில்லை.

குழாய்த் தண்ணீரைக் கழுத்து மட்டும் நிரப்பினேன்.
'காருக்கு இல்லை' என்று தடித்த பேனாவால் எழுதினேன்.
தூக்கினேன்.
ஏழு. எட்டு.
ஒன்பது, பல்லைக் கடித்து, ஒரு பக்கம் சரிந்து.
பத்து வரவில்லை.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கும் மூன்றை
நாள் முழுக்க
யாருக்கும் சொல்லாமல் ஓட்டித் திரிந்தேன்.

ஜூன். பள்ளிக்கூடம் முடியும் நாள்.
மறுபடி அரைக்கைச் சட்டை.
ஜோமாருக்கு முன்பல் முளைத்துவிட்டது,
வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக.
இறங்கினான். திரும்பினான். நான் கை அசைத்தேன்.
நீதவான் போல் யோசித்தான்.
"இப்பவும் இரண்டு தரம்."

"ஓகே. ஆனால் இரண்டாவது
கொஞ்சம் சின்னதா?"

அதற்குள் அவன் ஓடிவிட்டான்,
கோடை விடுமுறைக்குள்.